கடாரத்தில் இஸ்கந்தர்

(கூலிம் ஹைடெக் பூங்காவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாவீரன் அலெக்சாண்டரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். கூலிமில் நின்றுகொண்டு அவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. மலாக்கா சுல்தான்களின் கொடிவழி அவரிடமிருந்துதான் தொடங்குவதாக மலாய் ஏடுகள் சொல்கின்றன. 1619இல் இந்தக் கெடாவின் மேல் படையெடுத்து வந்து, அதன் சுல்தானையே சிறைபிடித்துப் போன அச்சே அரசரின் பெயர் இஸ்கந்தர் மூடா. இஸ்கந்தர் என்றால் அலெக்சாண்டர். நம் இராசேந்திர சோழன் கடாரத்துக்கு, அதாவது அன்றைய கெடாவுக்கு, கப்பற்படை அனுப்பிய நினைவும் அந்த ஏடுகளில் அதே அலெக்சாண்டரின் பரம்பரைக் கதையோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே அந்நியர் ஒருவரைப் பற்றிய பேச்சாக இதை எண்ண வேண்டாம்.

முதலில், உண்மையில் வாழ்ந்த மனிதரைப் பார்த்துவிடுவோம். கி.மு. 356இல் மாசிடோனியாவின் பெல்லா நகரில் பிறந்தவர். தந்தை இரண்டாம் பிலிப், ஆசிரியர் அரிஸ்டாட்டில். தந்தை கொலையுண்டதும் இருபது வயதில் அரியணை ஏறினார். கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்தவர், மூன்றே ஆண்டுகளில் பாரசீகப் பேரரசர் மூன்றாம் டரையஸைக் காகமேலா போர்க்களத்திலிருந்து ஓடச் செய்தார். எகிப்தில் தம் பெயரால் ஒரு நகரம் கண்டார். கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸை வென்றார். கி.மு. 323 ஜூன் மாதம் பாபிலோனில் காய்ச்சல் கண்டு இறந்தபோது அவருக்கு வயது 32.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இவ்வளவுதான். போரஸிடம், உம்மை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டதும், அரசனை நடத்துவதுபோல் நடத்து என்று அவர் பதில் சொன்னதும், நாட்டைத் திருப்பிக் கொடுத்ததும் நமக்கு நன்றாக நினைவிருக்கும். டயர் நகரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை. கி.மு. 332இல் அந்தக் கடற்கரை நகரத்தை அவர் ஏழு மாதம் முற்றுகையிட்டார். நகரம் விழுந்ததும் 2,000 பேரைக் கடற்கரையில் சிலுவையில் அறைந்ததாகவும், 30,000 பேரை அடிமைகளாக விற்றதாகவும் பழைய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். கிரானிகஸ் போரில் தம் உயிரைக் காப்பாற்றிய கிளீட்டஸ் என்ற தளபதியை, ஒரு விருந்தில் நடந்த வாக்குவாதத்தில் குடிபோதையில் ஈட்டியால் குத்திக் கொன்றார். பிறகு நாள்கணக்கில் அழுதார். அழுதார் என்பதும் உண்மைதான்.

இந்த வாழ்க்கையில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் பியாஸ் நதிக்கரை. ஜீலம் வெற்றிக்குப் பிறகு இன்னும் கிழக்கே போக வேண்டும் என்று அவர் துடித்தார். எட்டு வருடம் நடந்து நடந்து கால் தேய்ந்த வீரர்கள், விடாத மழையில் நனைந்தபடி, இனி ஒரு அடியும் எடுத்து வைக்க மாட்டோம் என்றார்கள். கோனஸ் என்ற முதிய தளபதி அவர்கள் சார்பாக எழுந்து பேசினார். ஊரில் பெற்றோர் இருக்கிறார்களா, மனைவி மக்கள் இருக்கிறார்களா என்றே தெரியாமல் கிடக்கிறோம் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அலெக்சாண்டர் கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். யாரும் மனம் மாறவில்லை. கடைசியில் நதிக்கரையில் பன்னிரண்டு பலிபீடங்கள் கட்டிவிட்டுத் திரும்பினார். உலகத்தை வென்றவர் என்கிறோம். அவரை நிறுத்தியவர்கள் அவருடைய சொந்தப் படையிலிருந்த பெயர் தெரியாத சிப்பாய்கள்.

பியாஸ் நதியிலிருந்து கெடா எவ்வளவு தூரம்! அங்கே நின்றுபோனவர் இங்கே எப்படி வந்தார்? அவர் வரவில்லை, அவருடைய கதை வந்தது. கதைக்குக் களைப்பும் இல்லை, ஊர் நினைப்பும் இல்லை.

எகிப்தில் இருந்தபோது அவர் பாலைவனத்தைக் கடந்து சீவா என்ற சோலைக்குப் போய் ஆமோன் தெய்வத்திடம் குறி கேட்டார். ஆமோனுக்கு ஆட்டுக்கடாவின் கொம்புகள் உண்டு. அலெக்சாண்டர் இறந்த பிறகு தளபதி லைசிமேக்கஸ் வெளியிட்ட காசுகளில் அவர் தலையில் அந்தக் கொம்பு சுருண்டு நிற்பதை இன்றும் பார்க்கலாம். இரண்டு கொம்பர் என்ற பொருள்படும் சுல்கர்னைன் என்ற பெயர் அரபு உலகில் அவருடன் சேர்ந்துகொண்டது. திருக்குர்ஆனின் அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் சுல்கர்னைன் என்னும் நீதிமானான அரசர் வருகிறார். சூரியன் மறையும் திசைக்கும் உதிக்கும் திசைக்கும் போகிறார். யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்தாரைத் தடுக்கச் சுவர் எழுப்புகிறார். அவர்தான் அலெக்சாண்டரா என்பதில் இஸ்லாமிய அறிஞர்களிடையே நெடுங்காலமாக இரு கருத்துகள் உண்டு. அது அவர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். கதை சொன்னவர்கள் இருவரையும் ஒருவராகவே பாடினார்கள் என்பது மட்டும் நம் பேச்சுக்குப் போதும்.

பாரசீகத்தில் நடந்தது இதைவிட ஆச்சரியமானது. பெர்செபோலிஸ் அரண்மனையை எரித்தவர் அலெக்சாண்டர். ஜொராஸ்ட்ரியர்களின் நூல்கள் அவரைச் சபிக்கப்பட்டவன் என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் அதே நாட்டில் ஃபிர்தௌசி எழுதிய ஷாநாமாவில் சிக்கந்தர் யார் தெரியுமா? தாராப் என்ற பாரசீக அரசருக்கு ரூம் நாட்டு இளவரசியிடம் பிறந்த மகன். ஊரை எரித்தவனை அந்த ஊரே தன் பிள்ளையாக்கிக்கொண்டது. தோற்றவர்கள் அவமானத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். வென்றவன் நம் ரத்தம்தான் என்று சொல்லிவிட்டால் தோல்வி பாதியாகக் குறைந்துவிடுகிறதே!

இந்தத் தாராபின் மகன்தான் கப்பலேறி மலாய் உலகத்துக்கு வந்தார். பசாய்க்கும் மலாக்காவுக்கும் வந்துபோன அரபு, பாரசீக, குஜராத்தி வணிகர்களோடு நம் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்களும் அந்தக் கடல் வழியில் இருந்தவர்கள். துணியோடும் மிளகோடும் கதையும் இறங்கியது. ஹிக்காயாட் இஸ்கந்தர் சுல்கர்னைன் என்ற பெயரில் மலாய் மொழியில் ஒரு பெரிய நூலே எழுந்தது. ஆனால் அவருக்கு இங்கே நிரந்தரமாக இடம் போட்டுக் கொடுத்தது செஜாரா மெலாயு. ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், துன் ஸ்ரீ லானாங் 1612இல் தொகுத்ததாகக் கொள்ளப்படும் நூல். 2001இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். முழுதாகப் படித்த தமிழர் நம்மில் மிகக் குறைவு. படிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நூலின் தொடக்கத்திலேயே ராஜா இஸ்கந்தர் வருகிறார். மாசிடோனியாவைச் சேர்ந்தவர், ரூம் நாட்டவர், ராஜா தாராபின் மகன். சூரியன் உதிக்கும் இடத்தைப் பார்க்கப் புறப்பட்டு இந்திய எல்லைக்கு வருகிறார். அங்கே கிடா ஹிந்தி என்ற பேரரசர் எதிர்த்துப் போரிட்டுத் தோற்கிறார். ஷாநாமாவில் சிக்கந்தருக்குத் தன் மகளைத் தரும் கைத் என்ற இந்திய அரசர்தான் இங்கே இந்தப் பெயரில் நிற்கிறார். கிடா ஹிந்தியும் தம் மகள் ஷாருல் பாரியாவை இஸ்கந்தருக்கு மணம் செய்து கொடுக்கிறார். அந்த இந்திய இளவரசியின் வயிற்றில் பிறந்த பரம்பரையில், பல தலைமுறைக்குப் பிறகு கலிங்க நாட்டில் ஒரு மாபெரும் அரசர் தோன்றுகிறார். சில பிரதிகளில் ராஜா சூரான், சிலவற்றில் ராஜா சூலான். சோழன் என்ற பெயரின் எதிரொலி இதில் கேட்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்த ராஜா சூரான் கணக்கற்ற படையோடு சீனத்தை வெல்லப் புறப்படுகிறார். வழியில் பேராக்கில் கங்கா நெகாராவை வீழ்த்துகிறார். ஜொகூர் பக்கம் கருங்கல் கோட்டை ஒன்றை வீழ்த்துகிறார். தெமாசெக் வரை, அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை, வந்துவிடுகிறார். செய்தி கேட்ட சீனப் பேரரசர் என்ன செய்தார்? படை அனுப்பவில்லை. ஒரு மரக்கலத்தில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளை ஏற்றினார். காய்த்துக் குலுங்கும் மரங்களை நட்டார். பல் விழுந்த கிழவர்களை ஏற்றி அனுப்பினார். தெமாசெக்கில் ராஜா சூரானின் ஆட்கள், சீனம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். கிழவர்கள் சொல்கிறார்கள்: நாங்கள் புறப்பட்டபோது சிறுவர்களாக இருந்தோம், இந்த மரங்களை விதையாகத்தான் போட்டோம், இந்த ஊசிகள் அன்றைக்குக் கைப்பருமன் இரும்புக் கம்பிகளாக இருந்தன, வழியிலேயே தேய்ந்து இப்படியாகிவிட்டன. ராஜா சூரான் யோசித்துப் பார்த்துப் படையைத் திருப்புகிறார்.

பியாஸ் நதிக்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூத்த வீரர்களின் சலிப்பு, இங்கே கிழவர்களின் பொய். இரண்டு இடத்திலும் தூரமும் முதுமையும்தான் வெற்றி வீரனை நிறுத்துகின்றன. மலாய்ப் புலவர் பியாஸ் நதியைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஓயாமல் போர் செய்யும் மன்னனிடம் மக்கள் சொல்ல நினைப்பது எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருக்கிறது.

அடுத்ததுதான் என்னை மிகவும் கவர்ந்த இடம். நிலம் போதும், கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன் என்கிறார் ராஜா சூரான். உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும்படி கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்கிறார்கள். அதைச் சங்கிலியில் கட்டிக் கடலில் இறக்குகிறார்கள். கண்ணாடி வழியே கடலடி விசித்திரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனவர், கடலடியில் ஒரு நாட்டுக்குள் இறங்குகிறார். அந்நாட்டு அரசர் தம் மகள் மஹ்தாபுல் பஹ்ரியை மணம் செய்து வைக்கிறார். மூன்று ஆண் பிள்ளைகள் பிறக்கின்றன. பிறகு பறக்கும் கடற்குதிரை மேலேறிக் கரைக்கு வருகிறார்.

கண்ணாடிக்குள் அமர்ந்து கடலில் இறங்கிய முதல் அரசர் இவரல்லர். எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் கிரேக்க மொழியில் எழுந்த அலெக்சாண்டர் கதையில் அலெக்சாண்டரே அப்படித்தான் இறங்குகிறார். அந்தக் கதை சிரியாக், அரபு, பாரசீகம், லத்தீன், பிரெஞ்சு என்று எத்தனையோ மொழிகளில் திரிந்தது. ஐரோப்பாவின் பழைய ஏட்டு ஓவியங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அலெக்சாண்டரைக் காணலாம். அந்தப் பெட்டிதான் நம் தெமாசெக் கடலில் சோழன் சாயல் கொண்ட ஓர் அரசரைச் சுமந்துகொண்டு இறங்குகிறது. கிரேக்கக் கதையில் கடல் பெரிய மீனை அனுப்பி அலெக்சாண்டரை மிரட்டித் திருப்பி அனுப்புகிறது. மலாய்க் கதையில் கடல் பெண் கொடுத்து உறவாக்கிக்கொள்கிறது. தீவுக் கூட்டத்து மக்கள் கடலை எப்படிப் பார்த்தார்கள் என்பது இந்த ஒரு மாற்றத்திலேயே தெரிகிறது.

அந்த மூன்று பிள்ளைகள் பின்னாளில் பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் மலையில் தோன்றுகிறார்கள். வான் எம்போக், வான் மாலினி என்று இரண்டு பெண்கள் அந்த மலையில் நெல் விளைத்திருக்கிறார்கள். ஒரே இரவில் கதிரெல்லாம் பொன்னாகிறது, இலையெல்லாம் வெள்ளியாகிறது. காலையில் போய்ப் பார்த்தால் மூன்று அரச குமாரர்கள். நாங்கள் இஸ்கந்தர் சுல்கர்னைன் வழி வந்தவர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். இவர்களில் ஒருவர் வழிதான் சிங்கப்பூர், மலாக்கா, பின்பு ஜொகூர், பேராக் அரச மரபுகள். கெடாவின் சொந்தப் பழங்கதையான ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா வேறு ஒரு கதை. அதிலும் முதல் அரசர் ரூம் நாட்டு இளவரசரின் கப்பலோடுதான் வருகிறார்.

இனி வரலாற்றுப் பக்கம் வருவோம். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் அனுப்பிய கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைகளைத் தாக்கியது. தஞ்சைக் கல்வெட்டு ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக் கடாரத்தில் வந்து முடிக்கிறது. சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்ற அரசனைப் பிடித்ததையும் சொல்கிறது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு முன்புதான், இதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியது. அந்தப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இராசராசன் கொடையாகக் கொடுத்தான். அப்பா ஊர் கொடுத்தார், மகன் படை அனுப்பினான். பிறகு வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, கடாரத்தை வென்று அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. நட்பு, பகை, திரும்பவும் நட்பு. அண்டை நாடுகள் அன்றும் இப்படித்தான் இருந்திருக்கின்றன.

நம் மேடைகளில் இந்த நீண்ட உறவிலிருந்து ஒரே ஒரு வருடத்தை, 1025ஐ, மட்டும் பிய்த்தெடுத்து முழங்குகிறோம். கடாரம் கொண்டான் பரம்பரை என்று சட்டையில் அச்சடித்துக்கொள்கிறோம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. அந்தக் கப்பல்கள் இங்கே தாக்கியது மனிதர்களைத்தான். எரிந்திருந்தால் அவர்கள் வீடுதான் எரிந்திருக்கும். தாக்கப்பட்ட மண்ணின் பிள்ளைகள் ஏறக்குறைய அறுநூறு வருடம் கழித்து எழுதிய நூலில் சோழனைத் திட்டினார்களா? இல்லை. இஸ்கந்தரின் பேரனாக்கிக் கடலரசன் மகளைக் கட்டிக் கொடுத்துத் தங்கள் சொந்த அரசர்களுக்குப் பாட்டனாக்கினார்கள். இந்தப் பெருந்தன்மைக்கு நாம் கொடுக்கும் பதில் ஒரு சட்டை வாசகமாக இருக்கக் கூடாது.

செஜாரா மெலாயுவில் இதைவிட மேலான இடம் ஒன்று உண்டு. மலையில் தோன்றிய சங் சபுர்பா, அந்த ஊர்த் தலைவர் டெமாங் லேபார் டாவுனின் மகளைக் கேட்கிறார். தலைவர் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு நிபந்தனை வைக்கிறார். என் சந்ததியார் உங்களுக்குக் குடிகளாக இருப்பார்கள், ஆனால் அவர்களை நல்லபடி நடத்த வேண்டும், தவறு செய்தால் எவ்வளவு பெரிய தவறானாலும் அவமானப்படுத்தக் கூடாது, குற்றம் பெரிதானால் சட்டப்படி மரண தண்டனை கொடுங்கள், கேவலப்படுத்தாதீர்கள் என்கிறார். அரசரும் ஒரு வாக்கு கேட்கிறார்: உங்கள் சந்ததி என் சந்ததிக்குத் துரோகம் செய்யக் கூடாது. நீங்கள் வாக்குத் தவறினால் நாங்களும் தவறுவோம் என்று தலைவர் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் பெண் கொடுக்கிறார். டயர் நகரத்தாரைச் சிலுவையில் அறைந்தவரின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம், சுமத்ராவின் ஓர் ஊர்த் தலைவர் கேட்டு வாங்கிய உறுதிமொழி இது. அலெக்சாண்டரின் பெயர் உலகமெங்கும் போயிருக்கிறது. போன இடங்களில் எல்லாம் அதை வைத்து அதிகாரத்தைப் பெருக்கிக்கொண்டவர்களே அதிகம். இங்கே அந்தப் பெயரைச் சொல்லி அதிகாரத்துக்கு ஒரு வரம்பு கட்டினார்கள். மலாய் நாகரிகம் உலகத்துக்குத் தந்தவற்றில் இதை மிக உயர்ந்த இடத்தில் வைக்கிறேன்.

அந்த வரம்பை மீறியவர்களும் உண்டு. அச்சேயின் இஸ்கந்தர் மூடா, பெயருக்கேற்ப உலகம் ஆளப் புறப்பட்டவர். 1613இல் ஜொகூரின் தலைநகர் பத்து சாவாரை அழித்தார். செஜாரா மெலாயுவைத் தொகுத்த துன் ஸ்ரீ லானாங்கையே அச்சேவுக்குச் சிறைபிடித்துப் போனார். இஸ்கந்தரின் வம்சத்தைப் போற்றி எழுதியவர், இஸ்கந்தர் என்ற பெயருடையவரிடமே கைதியானார். பிறகு சமலாங்கா என்ற பகுதிக்குத் தலைவராக்கப்பட்டு அங்கேயே வாழ்ந்தார். 1619இல் கெடாவின் முறை வந்தது. மிளகு வணிகம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே அச்சேயின் கணக்கு. கெடாவின் மிளகுக் கொடிகள் அழிக்கப்பட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக அச்சேவுக்குக் கடத்தப்பட்டார்கள். படையெடுப்பு என்றால் அடிமட்டத்தில் அது இதுதான். வளர்த்த கொடியை யாரோ வந்து வெட்டுவது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம் முன்னோர் இந்தக் கெடாவுக்கு எந்தப் படையோடும் வரவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து வந்தார்கள். கூலிம், லுனாஸ், பாடாங் செராய் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, மரம் சீவப் போனார்கள். மங்கில் சொட்டிய பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இது அன்றைய நடைமுறை. 1941இல் ஆர். எச். நாதன் போன்றவர்கள் தலைமையில் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. டெமாங் லேபார் டாவுன் கேட்டதும் இதேதான். தண்டிப்பதானால் சட்டப்படி தண்டியுங்கள், கேவலப்படுத்தாதீர்கள். அந்தத் தொழிலாளர்கள் செஜாரா மெலாயுவைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இந்த மண்ணின் மிகப் பழைய உரிமையைத்தான் அவர்கள் கேட்டார்கள். பிரிட்டிஷ் அரசு படையை வைத்து அந்தப் போராட்டத்தை அடக்கியது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுதந்திரத்தின் காலகட்டத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். தோட்டங்கள் துண்டுபோடப்பட்டன. லயத்து வீட்டை விட்டுக் குடும்பங்கள் வெளியேற வேண்டிய நிலை. அப்போது 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது? நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். மரம் சீவிய கைகள் சீட்டுக் கட்டி வாங்கிய நிலம் அது. ஒரு வாளும் உருவப்படவில்லை, யாருடைய வீடும் எரியவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பெருமையாக ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் 1025ஐ விட இதைத்தான் முதலில் சொல்வேன்.

நாம் கூடியிருக்கும் இந்தக் கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. சிலிக்கன் தகடுகளும் மின்னணுச் சில்லுகளும் சூரியத் தகடுகளும் இங்கிருந்து உலகம் முழுக்கப் போகின்றன. இங்கிருந்து காரில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மெர்போக் போய்விடலாம். குனுங் ஜெராய் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. சுங்கை பத்துவில் 2009 முதல் அகழாய்வு செய்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் பழங்கால இரும்பு உருக்கு உலைகளை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உலைக்குக் காற்று ஊதிய சுட்ட மண் குழாய்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. கைப்பிடிக்குள் அடங்கும் தடிமன், நடுவே துளை, நெருப்புப் பட்ட முனையில் இரும்புக் கசடு உருகி ஒட்டிக் கறுத்திருக்கும். சுங்கை மாஸில் கண்ணாடி மணிகள் செய்திருக்கிறார்கள். நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய சரக்குகளில் காழகத்துப் பொருள்களைச் சொல்கிறது. அது கடாரம்தான் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். ஆக, உலகச் சந்தைக்குப் பொருள் செய்து அனுப்புவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. அன்று இரும்பு, மணி, பிறகு மிளகு, ரப்பர், இன்று சில்லு. படையெடுத்து வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள். உலை ஊதியவர்களின் குழாய்கள் இங்கேயே கிடக்கின்றன.

அந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் கொண்ட சண்டி, அதாவது பழங்காலக் கோயில், 2013இல் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டது. செய்தி வெளியான பிறகுதான் நாடே அறிந்தது. அன்று எழுந்த குரலில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். அது எனக்கு ஆறுதல். ஆனால் அதற்கு முன்பு அந்த இடத்தைப் போய்ப் பார்த்த நம்மவர் எத்தனை பேர்? கடாரம் என்று மேடையில் முழங்கிய நாம், கடாரத்தின் செங்கற்களை எண்ணி வைத்திருந்தோமா?

நண்பர்களே, நான் கேட்பது இரண்டு காரியம். ஒன்று, செஜாரா மெலாயுவை மலாய் மொழியிலேயே வாங்கிப் படியுங்கள். நம் எல்லோருக்கும் மலாய் நன்றாகத் தெரியும், மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதில் சோழச் சாயல் கொண்ட ராஜா சூரான் இருக்கிறார். கிழக்கே கப்பலில் வந்து மலாக்காவில் மணம் முடித்த மணி புரிந்தன் என்ற இந்தியர் இருக்கிறார். மலாக்காவின் பெண்டஹாரா துன் முத்தாஹிர் அவருடைய பேரன். மலாய் நண்பர்களோடு உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது. அது அவர்கள் வீட்டு நூல் மட்டுமில்லை, நம் வீட்டுக் கதையும் அதில் இருக்கிறது.

இரண்டாவது, அரசர்களுக்குக் கொடிவழி எழுத துன் ஸ்ரீ லானாங் இருந்தார். நம் தோட்டங்களுக்கு யாரும் இல்லை. உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த நம்பர் நிரையில் மரம் சீவினார், அந்தத் தோட்டத்துக் கோயில் எங்கே இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே மாற்றப்பட்டது என்று தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். கையில் போன் வைத்திருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எதிரே உட்காருங்கள், பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், பிறகு எழுத்தில் இறக்குங்கள். எழுதியதை உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.